எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள்

செஃப்ரூ, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் மிமோனுக்கு அம்மா எழுதுவது. அந்த மொன்ட்ரியால் பனியில் நீயும் மருமகள் கொலெத்தும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஆண்டவன் அருளட்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், இனி உள்ளதைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை சபாத்திலிருந்து உன் அப்பா வெளியே கால் வைக்கவில்லை. ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறார், எனக்குத் தலை சுற்றுகிறது. காலையில் எழுந்ததும் அவர் கை தானாகப் போய்ச் சுவரில் உள்ள ஆணியைத் தடவுகிறது, ஜெப ஆலயத்துச் சாவி தொங்குமே, அந்த ஆணிதான். இப்போது அதில் சாவி இல்லை.

நடந்தது இதுதான். நம் பக்கத்து வீட்டு அம்ராம் வயிற்றில் கட்டி என்று ஃபெஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், திங்கட்கிழமை அறுவை. போன சபாத்தில் தோரா வேதச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்கு நோயாளி வேண்டுதல் சொல்ல எழுந்த உன் அப்பா, இறந்தவர் வேண்டுதலைச் சொல்லிவிட்டார். அம்ராம் பெயரைச் சொல்லி, அவன் ஆன்மா இளைப்பாறட்டும் என்று முழுசாக, ராகம் குறையாமல். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன், ஊர் பாதி கப்பலேறிப் போன பிறகு இந்த ஆலயத்தில் நோயாளிகளைவிட இறந்தவர்களுக்குத்தானே அதிகம் சொல்கிறார், பழகிய நாக்கு பழகிய வழியில் ஓடிவிட்டது. அதைவிடக் கொடுமை, கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஆமென் என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் சொன்னேன் மகனே, சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்புறம் அந்தக் கறிக்கடை ஹனானியா, அவனுக்கு நாக்கில் எலும்பே கிடையாதே, என்ன மெசோத், டாக்டர் கத்தியை எடுக்கறதுக்குள்ள நீ குழியை வெட்டிட்டியே என்றான். உன் அப்பா சுருளைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தார், சாவியை மேடையில் வைத்தார், வீட்டுக்கு வந்துவிட்டார்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, மிமோனுக்கு எழுதுடி, டிக்கெட் அனுப்பச் சொல்லு, நாம கிளம்பிடலாம் என்றார். இந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை காலம் அவரை நச்சரித்தேன் என்று உனக்குத் தெரியும். நான் போயிட்டா ஆலயக் கதவை யாருடி திறப்பா என்று சொல்லியே என் வாயை அடைத்தவர் அவர். இப்போது கேட்டது கிடைத்தும் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும், ஆனால் தலை குனிந்த மனிதரை அழைத்துக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று அம்ராமின் மனைவி ஜொஹ்ரா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவளோ நேராக உன் அப்பாவிடம் போய், அண்ணே, அவருக்குப் பேர் சேர்க்கணும், ஹைம்னு சேர்த்துடுங்க, மரண தூதன் அம்ராமைத் தேடி வந்தா அந்தப் பேர்ல ஆள் இல்லைன்னு திரும்பட்டும் என்றாள். உயிர் என்று பொருள் உள்ள பெயர், யார் வேண்டாம் என்பார்கள். ஆனால் இவர் முகம் வெளுத்து, என் வாயாலயா, வேற யாரையாச்சும் பாருங்கம்மா என்றார். சொன்ன வாய்தான் மாத்திச் சொல்லணும் என்றாள் ஜொஹ்ரா. மற்ற ஆலயங்களைப் பூட்டியாகிவிட்டது, அம்ராம் இல்லாமல் நம்மிடம் ஆண்கள் சரியாகப் பத்துப் பேர், அதில் உன் அப்பா ஒருவர். அவர் போகாவிட்டால் பத்து நிறையாது, பத்து நிறையாமல் சுருளையே திறக்க முடியாது, பெயரை எங்கே சேர்ப்பது. சபாத் சட்டியைத் தெருப் பொது அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும், விளக்கேற்றும் நேரமும் வருகிறது, ஏற்றிய பிறகு எழுதக் கூடாது, பேனாவை வைக்கிறேன்.

ஞாயிறு மாலை

நேற்றுக் காலை அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கெஞ்சவில்லை. நான் போறேன், அங்க வந்து சும்மாவாச்சும் நில்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஆட்களை எண் சொல்லி எண்ணக் கூடாதல்லவா, ஹனானியாதான் ஆளுக்கு ஒரு சொல்லாகப் பத்துச் சொல் வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனான், கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. மறுபடி சொன்னான், மறுபடியும் மிஞ்சியது. ஜொஹ்ரா என் கையைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. அப்போது கதவு திறந்தது. உன் அப்பா, வீட்டுச் செருப்போடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. ஹனானியா கிண்டல் எதுவும் பண்ணாமல், அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அவரைப் பார்த்துச் சொன்னான்.

சுருளைப் பிடித்துக்கொண்டு, ராஹேலின் மகன் அம்ராம் இனி அம்ராம் ஹைம் என்று அழைக்கப்படுவான், அவனுக்கு முழு சுகம் வரட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை! போன வாரம் சூடு பட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கிறார்கள். உன் அப்பா திரும்பி, சொல்லுங்கடா, சரியாத்தான் சொன்னேன் என்று கத்தினார். அப்போது எழுந்த ஆமெனில் மாடத்துப் புறா எல்லாம் பறந்தது.

இன்று பஸ் ஏறி ஃபெஸுக்குப் போனோம். கட்டிலருகே நின்று இவர் மெதுவாக, அம்ராம் என்றார். அவன் கண்ணைத் திறக்காமலே, அம்ராமா, அவன் போன வாரமே போயிட்டானே, நீதானே அனுப்பி வெச்ச, என் பேரு ஹைம் என்றான். உன் அப்பா சிரித்தார், பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும் டாக்டர் என்னிடம், கட்டி பெரிசும்மா, நாளைக்குத் திறந்து பார்த்தாத்தான் தெரியும் என்றார். அதை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை.

சாவி மறுபடி ஆணிக்கு வந்துவிட்டது. டிக்கெட் எடுக்காதே. கொலெத்தை முதுகு வலியோடு பாரம் தூக்கவிடாதே, நீ காதை மூடாமல் வெளியே போகாதே. ஆபிரகாமின் கடவுள் உங்கள் வாசலைக் காக்கட்டும், உங்கள் கை தொட்டதெல்லாம் நிறையட்டும். ஒன்று மறக்காதே, உங்கள் ஆலயத்தில் வருகிற சபாத்தில் ராஹேலின் மகன் அம்ராம் ஹைமுக்கு வேண்டுதல் சொல்லச் சொல். இந்தக் கடிதம் கடல் தாண்டி உன்னிடம் வரும்போது அவன் இருப்பானோ மாட்டானோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் நீ நோயாளி வேண்டுதலையே கேள் மகனே. இந்த முறை வேண்டுதல் தப்பாகப் போனாலும் உயிரின் பக்கமாகவே தப்பாகட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஃபிரேஹா