குடை ஏறிய ஓடமும் பதவி இழந்த ஆசானும்

திருவளர் வெண்கழி நாட்டை ஆளும் ஏழ்துறைக் கோமான், அரசர் இளஞ்சேந்தவேளின் ஆணை தாங்கி, தலைமை அமைச்சர் கோடன் சாத்தனார் முகத்துறைக் காவலர் எயினன் பூதனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் மரக்கலங்கள் குறைவின்றி வந்து சேர்க. உமது மனையில் நோய் அணுகாதிருக்க.

செய்தி இதுவே. அரசர் கல்லூரியின் ஓட்டப்படகுக்கு ஆசானாய் இருந்த மருதங்கீரனார் இன்று அப்பதவியினின்று நீக்கப்பட்டார். அவர் வென்றது போதவில்லையாம்.

அவர் வருமுன், நம் கல்லூரிப் படகு கவிழாமல் கரை சேர்ந்தாலே பெரிது என்று ஊரார் நகைத்த காலம் உமக்கு நினைவிருக்கும். அந்த மாணாக்கரையே கை காய்த்துப்போகும்வரை துடுப்பு வலிக்கவைத்து, போட்டி நடந்த ஆறுதோறும் வெற்றி கொணர்ந்தவர் அவர். முதல் வெற்றிக்கு அவரை யானைமேல் ஏற்றினோம், அடுத்ததற்கு மாலையிட்டோம், பின்னர் அவர் வென்று வந்த நாள்களில் அரண்மனையில் எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முழுநிலா நாளில் மேலைக்கரை நாட்டாரோடு நடக்கும் பொற்றுடுப்புப் போட்டி ஒன்றையே எல்லாரும் கேட்டனர். அது மட்டும் ஆண்டுதோறும் அரைப் படகு நீளத்தில் கைநழுவிப் போயிற்று.

ஏன் நழுவிற்று என்பது ஆசானுக்குத் தெரியும். அப்போட்டியில் மட்டும் அரச குலத்தார் ஒருவர் வெண்குடை பிடித்துப் படகின் முகப்பில் நிற்பது நம் நாட்டு வழக்கம். நிற்பவர் அரச மைத்துனர் விடங்கராயர். விருந்துக்குக் குறைவைக்காத உடம்பு அவருடையது. முகத்துவாரத்தில் எதிர்க்காற்று எழுந்தாலும் குடையை மடக்கலாகாது. மாணாக்கர் உயிரைக் கொடுத்து முன்னே வலிக்க, விரிந்த குடை படகைப் பின்னே இழுக்கும்.

குடை கரையில் நிற்கட்டும், படகில் வேண்டாம் என்று ஆசான் ஆண்டுதோறும் அவைக்கு வந்து பணிந்து விண்ணப்பித்தார். அரச மரியாதையைக் குலைக்கப் பார்க்கிறான் என்று விடங்கராயர் ஆண்டுதோறும் சீறினார். இம்முறை தோற்றுத் திரும்பியபோது ஆசான் குடையைப் பற்றி மூச்சுவிடவில்லை. கொப்புளம் வெடித்த கைகளோடு நின்ற மாணாக்கரைக் காட்டி, இவர்கள்மேல் பழியில்லை என்றார். இவர்களோடு இன்னும் ஓர் ஆண்டு மட்டும் தந்தருள வேண்டும் என்று கேட்டார். எதிர்பார்த்ததை எய்தாதவர் என்று அவை தீர்ப்பளித்துவிட்டு உணவுக்கு எழுந்தது. நன்றி என்பதை இந்த அவையில் எந்த மூலையில் போட்டு வைத்திருக்கிறார்களோ, இவ்வமைச்சர் இன்றுவரை கண்டதில்லை.

ஆகவே, நாளைக் காலை அவர் உமது துறையில் கலம் ஏறுவார். கல்லூரி முத்திரை பொறித்த துடுப்பை அவரிடமிருந்து திரும்ப வாங்குக என்பது அரசர் சொல். வாங்கும்போது நீர் எழுந்து நின்று இரு கையாலும் வாங்குக என்பது அமைச்சர் சொல்.

இன்னும் ஒன்று உண்டு. அவர் இடத்தில் அமர்ந்திருக்கும் புதிய ஆசான் விடங்கராயரின் மருமகன். அவர் பதவியேற்ற கையோடு அவையில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: பொற்றுடுப்புப் போட்டியில் படகில் குடை ஏறலாகாது. அரசர் அக்கணமே இசைந்தார். நாட்டின் வெற்றிக்காக எதையும் துறப்பேன் என்று விடங்கராயர் எழுந்து முழங்க, அவையோர் அவர் தியாகத்தை வியந்து வாழ்த்தினர்.

மருதங்கீரனார் ஏறிய கலம் கடலில் மறையும்வரை உமது துறையில் எவரும் இதை அவர் காதில் போடலாகாது.

துடுப்பைத் திரும்ப வாங்கும் ஆணைக்கு அரசரின் சங்கு இலச்சினை இடப்பட்டது. இக்கடைசி ஆணையை அரசர் அறியார். இதற்கு அமைச்சர் தம் கணையாழியை அழுத்தினார்.