காப்ளர் கடையின் இரண்டாம் நாற்காலியில் துப்பாக்கியுடன் அமர்ந்திருப்பவர் குறித்து

அனுப்புநர்:
டெல்மர் ஸ்ட்ரிக்லண்ட்
(ஊரார் அனைவருக்கும் டெல்மர் மாமா),
பண்ணைச் சாலை 214, பழைய நீர்த்தொட்டிக்கு எதிரே,
மார்லோ ஸ்பிரிங்ஸ், டோலிவர் மாவட்டம், டெக்சஸ்.

பெறுநர்:
ஷெரீப் ராபர்ட்டா கின்கேனன் அவர்கள்,
மாவட்ட ஷெரீப் அலுவலகம்,
மார்லோ ஸ்பிரிங்ஸ்.

பொருள்: மாவட்டக் கண்காட்சி மைதானத்துக்குள் மறைத்து வைத்துத் துப்பாக்கி கொண்டு செல்ல விதிக்கப்பட்ட தடையிலிருந்து திரு. வெண்டல் பிக்ஸ் என்பவருக்கு மட்டும் விலக்கு அளித்திருப்பதை உடனே, அதாவது வரும் சனிக்கிழமைக்குள், ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஷெரீப் அம்மையீர்,

வணக்கம். தங்களுக்கு ஓட்டுப் போட்டவன் என்ற முறையிலும், என் பேச்சைக் கேட்டு இம்மாவட்டத்தில் குறைந்தது நானூறு பேர் தங்களுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற முறையிலும் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

1. நான் முப்பத்தொரு வருடமாகக் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவன். என் கைக்குறி எப்படிப்பட்டது என்று தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஒரே குண்டில் ஆள் நீளமுள்ள இரண்டு கிலுகிலுப்பைப் பாம்புகளை வீழ்த்தியிருக்கிறேன். மூன்றாவது பாம்பு அதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே செத்தது. சட்டமும் தெரியும். ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு எல்லாமே அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

2. மைதானத்தின் மேற்கு வரிசையில் பன்னிரண்டாம் எண் கடை, கணவரை இழந்த திருமதி நெல்டா கோல்டிரன் அவர்களுடையது. பீச் பழத்தை மாவால் மூடிச் சுட்டெடுக்கும் காப்ளர் விற்கிறார். தீயணைப்பு விதிப்படி ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்தான் போடலாம். ஒன்று அவருடையது. இன்னொன்றில் சென்ற ஆண்டு வரை நான்கு கண்காட்சிகளாக அமர்ந்திருந்தவன் நான். ஐஸ் பெட்டி தூக்குவது, பந்தல் கயிறு கட்டுவது, வரிசையில் முண்டியடிப்பவர்களை முறைத்துப் பார்ப்பது ஆகிய பொறுப்புகள் என்னுடையவை. கடைசிச் சனிக்கிழமை மாலை எல்லாக் கடைக்காரர்களும் ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டாம் நாற்காலியில் இருந்தவருடன் ஒரு சுற்று நடனம் ஆடுவது நம் மைதானத்து வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. நான்கு வருடமும் நெல்டா அம்மையார் என்னுடன்தான் ஆடினார். பாட்டு முடிந்த பிறகும் யாரும் நகராமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று மேடையில் இசை வாசித்தவர்களே சொன்னார்கள்.

3. இப்போது சென்ற ஆண்டுச் சம்பவத்துக்கு வருகிறேன். தங்கள் கோப்பில் அது இரண்டு வரியில் இருக்கும். முழு விவரம் இதுதான். ஞாயிறு மதியம் கார் மோதல் போட்டியில் ஒரு பழைய காரின் புகைக்குழாய் வெடித்தது. அந்தச் சத்தம் பக்கத்து மாவட்டம் வரை கேட்டது. நான் மின்னல் வேகத்தில் எழுந்து துப்பாக்கியை உருவினேன். அதே நேரம் எதிரில் வறுத்த சோளக் கடையில் நின்றிருந்த வெண்டல் பிக்ஸும் உருவினார். கையில் துப்பாக்கியுடன் நிற்கும் ஒரே ஆள் அவர் கண்ணுக்கு நான். என் கண்ணுக்கு அவர். ஆகவே நான் அவரையும் அவர் என்னையும் குறிபார்த்து நின்றோம். கூட்டத்தில் எவன் நல்லவன் எவன் கெட்டவன் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? அவரைப் பற்றி அன்று நான் நினைத்தது பின்னாளில் சரியாகிவிட்டது, அது வேறு விஷயம்.

நடுவில் நெல்டா அம்மையார், சுடச்சுட ஒரு தட்டு காப்ளருடன். அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்: "எழவெடுத்தவனுங்களா, ரெண்டு பேரும் அதக் கீழ போடுங்கடா! காருடா அது, காரு!" அறுபது வயது ஆண்களை 'டா' போட்டது முறையல்ல என்றாலும் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெண்டல் பெரிதுபடுத்தினார்.

இம்மனுவில் ஒரு விஷயத்தை மட்டும் மெருகேற்றாமல் எழுதுகிறேன். என் துப்பாக்கி முனை வெண்டலை நோக்கியிருந்தது, ஆனால் அது நெல்டா அம்மையாரின் இடது தோளுக்கு மேலாக. ஒரு சாண் கூட இருக்காது. அவர் சட்டையில் ஒரு பித்தான் தளர்ந்து தொங்கியதுகூடக் குறிபார்க்கும் முனை வழியாக எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

4. அதன் விளைவாகவே கண்காட்சிக் குழு இந்த ஆண்டு வாசலில் ஆள் உயர எழுத்தில் தடைப் பலகை வைத்தது. அதாவது இந்தச் சட்டமே என்னால்தான் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. மாவட்ட ஆணையர்கள் கூட்டத்தில் தடையை எதிர்த்து நாற்பது நிமிடம் பேசியவனும் நானே. அனுமதித்தது மூன்று நிமிடம். மீதியை வாசலுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது பேசினேன். அன்று பேசியதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் தடை என்று ஒன்று வந்துவிட்டால் அது எல்லோருக்கும் தடையாக இருக்க வேண்டாமா?

5. இந்த ஆண்டு தொடக்க நாளன்று நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, துப்பாக்கியை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருடம் வலது இடுப்பில் ஒரு பாரம் இருந்த உடம்பு, அது இல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தது. பேன்ட்டும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஆகவே வெறும் உறையில் ஒரு குழாய்க் குறடைச் செருகிக்கொண்டேன். குழாய்க் குறடுக்குத் தடை என்று பலகையில் எங்கும் இல்லை. இருந்தும் மெட்டல் டிடெக்டர் அலறியது, காவலர்கள் நால்வர் (பார்த்தவர்கள் எட்டு என்கிறார்கள்) என்னைச் சூழ்ந்துகொண்டார்கள், கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினால் பேன்ட்டின் கதி என்ன என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று. பின்னால் இருந்த வரிசையும் கேட்டது.

அப்போதுதான் வெண்டல் பிக்ஸ் பக்கத்து வழியாக, ஒரு அட்டையை நீட்டிவிட்டு, டிடெக்டர் பக்கமே போகாமல் உள்ளே நடந்தார். போகிற போக்கில் சொன்னது: "என்ன டெல்மரு, கக்கூஸ் ரிப்பேரா? சொல்லியிருந்தா நானே ஒரு வாளி எடுத்தாந்திருப்பேனே!" வரிசையே சிரித்தது. ஒரு பாதிரியாரும் சிரித்தார். அவர் பெயர் தேவைப்பட்டால் தருகிறேன்.

6. அந்த விலக்கு அட்டை, ஓய்வுபெற்ற துணை ஷெரீப் என்று சொல்லித் தங்கள் அலுவலகம் அவருக்குத் தந்தது. தங்கள் கவனத்துக்கு: வெண்டல் பிக்ஸ் சம்பளமில்லாத, அவசரத்துக்குக் கூப்பிடும் உதவி ஆளாகத்தான் இருந்தார். பதினொரு வருடத்தில் அவர் செய்தது, பள்ளிக் கால்பந்து ஆட்டத்தன்று வண்டிகளுக்குக் கைகாட்டியதும், காவல் நாய்க்குச் சோறு வைத்ததும். அந்த நாயே ஓய்வு பெற்றபோது இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலும் அவருக்கு இருப்பது துப்பாக்கியை மறைத்து வைக்கும் அனுமதி. அவரோ எல்லார் கண்ணிலும் படும்படியாக மறைக்கிறார். சட்டையை வெளியே விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து மூச்சு விடுகிறார். என்னிடமும் அதைவிட நல்ல துப்பாக்கி இருக்கிறது. நீல எஃகு, வால்நட் பிடி. அது வண்டியில் கிடக்கிறது.

7. பொறாமையால் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். வெண்டலைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? தலையில் முடி இருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் பாதி சாயம்.

8. உண்மைக் குறை இனிமேல்தான். நான் குறடும் வாசலில் பறிபோய் வெறும் இடுப்புடன், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஐஸ் பெட்டியுடன் பன்னிரண்டாம் எண் கடைக்குப் போனபோது இரண்டாம் நாற்காலியில் வெண்டல் உட்கார்ந்திருந்தார். மடியில் காப்ளர் தட்டு. எழுந்திருக்கவில்லை. "பாதுகாப்புப் பணிய்யா. ஷெரீப் ஆபீஸ் போட்ட டூட்டி. கூட்டம் சேராதே, நகரு நகரு" என்றார். கூட்டம் என்று அவர் சொன்னது என் ஒருவனை.

நான் நெல்டா அம்மையாரைத் தனியாக அழைத்து, மாவு பிசையும் மேசைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் சொன்னது: "நான் என்ன டெல்மர் பண்றது? அரசாங்கம் போட்ட ஆளுன்னு அட்டையக் காட்றாரு. போங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கா இல்லையான்னே தெரியல. அந்த இடுப்பு என் பக்கமா திரும்பும்போதெல்லாம் எனக்குத் தோள்பட்டை கூசுது."

எந்தத் தோள் என்று நான் கேட்கவில்லை. அவரே தொட்டுக் காட்டினார். இடது.

ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் எதிர்ச் சோளக் கடைப் பக்கம் நின்று கவனித்தேன். வெண்டல் ஒரு முறைகூட ஐஸ் தூக்கவில்லை. சனிக்கிழமை காற்றில் பந்தல் கயிறு அவிழ்ந்தபோது அம்மையாரே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார். வெண்டல் கீழே நின்று இடுப்பில் கை வைத்து அதைப் பாதுகாத்தார்.

9. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது. முதலில் எனக்கும் ஓர் அட்டை தரச் சொல்லி எழுதலாம் என்றிருந்தேன். மூன்று தாள் எழுதியும் விட்டேன், என் பாம்பு விவரங்கள் உட்பட. கிழித்துவிட்டேன். அந்தக் கடைக்குப் பின்னால் இன்னொரு துப்பாக்கி அவருக்கு எதற்கு? எனக்கு அட்டை வேண்டாம். வெண்டலுக்கும் வேண்டாம் என்பதே என் கோரிக்கை. பணியில் இருக்கும் தங்கள் ஆட்கள் சீருடையில், எல்லோருக்கும் தெரியும்படி சுமக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறைத்துக்கொண்டு வருபவர் யாராக இருந்தாலும், நாய்க்குச் சோறு வைத்தவராகவே இருந்தாலும், வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். தடையை எதிர்த்து மூன்று நிமிடமும் முப்பத்தேழு நிமிடமும் பேசிய டெல்மர் ஸ்ட்ரிக்லண்ட் இதை எழுதுகிறான் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஊரில் தெரிந்தால் என்னை என்ன சொல்வார்கள் என்பதையும்.

என் நேர்மைக்கு அத்தாட்சியாக என் உரிமத்தின் அசலை இத்துடன் இணைத்துள்ளேன். கண்காட்சி முடியும் வரை அது தங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பின்னரும் அவசரமில்லை.

10. விலக்கை ரத்து செய்யச் சனிக்கிழமைக்குள் நேரம் போதாது என்றால், ஒரே ஒரு வரி எழுதி, முத்திரையுடன், பன்னிரண்டாம் எண் கடைக்கு அனுப்பினாலும் போதும்: வெண்டல் பிக்ஸ் என்பவரை ஷெரீப் அலுவலகம் எந்தப் பணிக்கும் அமர்த்தவில்லை, அவரை இருக்கச் சொல்வதும் போகச் சொல்வதும் கடை உரிமையாளரின் விருப்பம் என்று. அமர்த்தவில்லைதானே? அமர்த்தியிருந்தால் ஊரிலேயே முதலில் எனக்குத்தான் தெரிந்திருக்கும்.

11. கடிதம் கிடைத்த பிறகும் நெல்டா அம்மையார் வெண்டலைப் போகச் சொல்லாமல் இருக்கக்கூடும். அது அவர் உரிமை. ஆட்டத்துக்கு அவரையே அழைக்கவும் கூடும். அப்படி நடந்தால் மனுதாரருக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்ற விதியைத் தாங்கள் இந்த ஒருமுறை தளர்த்தி, எனக்கு எதுவும் எழுதாமல், தொலைபேசியிலும் சொல்லாமல், கோப்பை மூடிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை நான் மைதானத்தின் கிழக்குப் பக்கம், மாட்டுக் கொட்டகை அருகில் இருப்பேன். அங்கிருந்து பாட்டு கேட்கும். ஆடுவது யார் என்று தெரியாது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
டெல்மர் ஸ்ட்ரிக்லண்ட்
(கையொப்பம்)

நாள்: அக்டோபர் 13, திங்கட்கிழமை
இடம்: மார்லோ ஸ்பிரிங்ஸ்

இணைப்பு: கைத்துப்பாக்கி உரிமம், அசல், ஒன்று.