பின்சீட்டில் யார் கனம்

ஜூன் 3, செவ்வாய்

மழை. வண்டியிலிருந்து கடை வாசலில் இறங்கியபோது முதுகெல்லாம் சேறு. ஊருக்கெல்லாம் பேண்ட் தைத்துக் கொடுக்கிறவள் சொந்தத் துணியைக் குழாயடியில் கசக்கிக்கொண்டு நின்றேன். முன்னால் உட்கார்ந்து ஓட்டிய என் வீட்டுக்காரர் மேல் ஒரு பொட்டு இல்லை. அவர் குனிந்து பார்த்தது என் முதுகை அல்ல, வண்டியின் அடியை. "ஷாக் அப்சர்பர் பூரா சேறு, பாரு. பாவம்" என்றார். பாவம் யார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

பெரிய அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. பின்சக்கரத்தோடு ஒட்டினாற்போல் பொருத்தும் மட்கார்டு. வண்டி செய்த கம்பெனியுடையது அல்ல, வெளியில் யாரோ செய்தது. ஹக்கர் என்று பெயராம், சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்குமாம். நல்லது. இந்த வீட்டில் ஒரு சக்கரமாவது கட்டிப்பிடிக்கப்படட்டும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்றேன். "இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? நான் நாலு வீடியோ பாத்துட்டேன்." பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவர், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எஞ்சினியர்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து வாசலில் வேலை. வண்டி சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் அந்தரத்தில். செயின் கவரைக் கழற்றி, அந்த ஓட்டைகளிலேயே ஹக்கரின் ஒரு பக்கம். மறுபக்கம் பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பின் இடத்தில். பத்து நம்பர் ஸ்பானரைக் கொடு, துணியைக் கொடு, டார்ச்சைச் சரியாகப் பிடி. ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. போல்ட் கழலாமலிருக்க நீலப் பசை பூசினார். அதில் பாதி என் நல்ல துண்டில்.

முடிந்ததும் தரையில் இரண்டு சின்ன இரும்பு புஷ் மிஞ்சிக் கிடந்தன, போல்ட் நுழைகிற மாதிரி நடுவில் ஓட்டையோடு.

"இது எங்க போகும்?"

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா குடுப்பான். உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். எடுத்துப் போய்க் கடையில் பட்டன் டப்பாவில் போட்டேன். எதற்காவது ஆகும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றிக் காட்டினார். உரசாமல் சுற்றியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சுழற்றினார். பிறகு போட்டோ எடுத்தார்.

ஜூன் 9, திங்கள்

நான் பின்சீட்டில். தெருமுனை வேகத்தடையில் ஏறியதும் பின்னால் 'கரக்' என்று ஒரு சத்தம். அடுத்த வேகத்தடையில் மறுபடியும். நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஹக்கரின் பின்நுனி, சீட்டுக்கு அடியில் போய் இடித்திருக்கிறது. நம்பர் பிளேட் பக்கத்தில் புதுக் கீறல்.

"நான் தனியா போனப்ப சத்தமே இல்ல" என்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. அவ்வளவுதான். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இன்று வாயைத் திறந்தே சொல்லிவிட்டார். அதுவும் நாத்தனாரின் முன்னால். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, "பாத்தியா? இவ உக்காந்தா ஒண்ணும் இல்ல. ஃபிட்டிங்ல தப்பில்ல. லோடுதான் ஜாஸ்தி" என்றார்.

லோடாம். நான் லோடா? இருபது வருஷமா அந்தப் பின்சீட்டில உக்காந்து வரேன், கையில தையல் மூட்டையோட வரேன், அப்பல்லாம் நான் லோடு இல்லையா? ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்ததும் நான் லோடு ஆயிட்டேனா?

அங்கிருந்து உள்ளே வந்துவிட்டேன். பதில் எப்போதும் அடுப்படிக்கு வந்தபிறகுதான் எனக்கு வரும். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜூன் 13, வெள்ளி

பஸ்ஸில் போனேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. வண்டிக்கு நிம்மதி.

ஜூன் 16, திங்கள்

ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கி மூன்று நாளாகிறது. டாக்டர் சொல்லி இல்லை, ஒரு மட்கார்டு சொல்லி. வெட்கமாக இருக்கிறது. கடைக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டபோது இன்னும் வெட்கமாக இருந்தது. பசியில் ஒரு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பேண்ட் வாங்க வந்தவர் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று, பிரமாதம் என்றார். நான் வழக்கம்போல, "உக்காந்து பாருங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளினேன். உட்கார்ந்தார். பின்பக்கம் இறுக்கிப் பிடித்தது. நிற்கும்போது எந்தப் பேண்டும் பிரமாதம்தான். உட்கார வைத்துப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்பியதில்லை.

சட்டென்று உறைத்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்க, வண்டியில் ஆளே உட்காராமல் இவர் அளவு பார்த்துவிட்டு, அதையும் ஊரைக் கூட்டிக் காட்டினாரே! பேண்ட்காரரிடம், தையலைக் கொஞ்சம் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். அவர் உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றா சொன்னேன்?

பட்டனுக்காக டப்பாவைக் கவிழ்த்தபோது அந்த இரண்டு புஷ்ஷும் உருண்டு வந்தன.

ஜூன் 21, சனி

அவர் இல்லாத நேரத்தில் ஹக்கரைக் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் டயரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. சட்டையில் ஒரு தோள் இறங்கினால் மறு தோள் ஏறுவது போலத்தான். முன் போல்ட்டுகளுக்கு அடியில் எதுவோ இருக்க வேண்டும். எதுவோ என்ன, எக்ஸ்ட்ராவாகக் கொடுத்ததுதான்.

ஜூன் 22, ஞாயிறு

அவர் ஒரு விசேஷத்துக்கு ஆபீஸ் நண்பரின் காரில் போனார். நாத்தனார் சும்மா வந்தாள். ஸ்பானரோடு என்னைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு தானே டார்ச்சைப் பிடித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. அன்னிக்கு அண்ணா ஸ்பீட் பிரேக்கர் மேல ஏறவே இல்ல. ஓரமா சுத்திக்கிட்டுப் போனாரு."

ஸ்பானர் கையிலேயே நின்றது. தெரிந்தே செய்திருக்கிறார்! கோபத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே போல்ட்டைக் கழற்றினேன். கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு புஷ்ஷையும் அடியில் வைத்ததும் ஹக்கர் நேராக உட்கார்ந்தது. பிரேக் குழாய் எங்கும் நசுங்கவில்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, பசை பூசி, முடுக்கினேன். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நாத்தனாரை முன்னால் உட்காரச் சொல்லி, நான் பின்னால் ஏறித் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தேன். பல தடவை. சத்தமே இல்லை.

"இன்னும் பலமா குதிங்க அண்ணி" என்றாள். குதித்தேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் நானே வண்டியை வெளியே எடுத்து, முன்னால் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் ஓட்டத் தெரியும், இத்தனை வருஷம் சாவிதான் கைக்கு வரவில்லை.

"நீயா ஓட்டப் போற?"

"ஆமா. ஏறுங்க. ஆபீஸ்ல விட்டுட்டுப் போறேன்."

"உரசுமே..."

"பாப்போம்."

ஏறினார். என்னைவிட இருபது கிலோவாவது கூடுதல், மதியச் சாப்பாட்டுப் பை தனி. தெருமுனை வேகத்தடையை நான் ஓரமாகச் சுற்றிப் போகவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்ததிலும் நேராக ஏற்றினேன். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்திலும் இறக்கினேன்.

ஆபீஸ் வாசலில் இறங்கி வெகுநேரம் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். புஷ் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

"லோடு ஜாஸ்தியா இல்லன்னா வரேன்" என்றேன். பதில் இந்தத் தடவை அடுப்படிவரை காத்திருக்கவில்லை.

ராத்திரி இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.