அம்மாவின் வெள்ளைத் தட்டு

பிப்ரவரி 3
தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அளக்க, அம்மாவின் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஏரியில் இறக்கினேன். ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்துவிட்டது. ஏரியா அது, பச்சைப் பெயிண்ட்!

மீனவர் சங்கத் தலைவரான அப்பா அடுத்த மாதம் இருபதாயிரம் மீன்குஞ்சு விடப்போகிறார். "மீன் அழுக்கைத் தின்னும்மா, ஏரி சுத்தமாயிடும்."

நூலகப் புத்தகம் நேர்மாறாகச் சொல்கிறது. பாசியைத் தின்பது நீர்த்தெள்ளு என்ற கடுகளவு உயிரி. தெள்ளைத் தின்பது சின்ன மீன். மீன் பெருகினால் பாசிக்குக் கொண்டாட்டம்.

அப்பாவிடம் சொன்னேன். "மீன்காரன் வீட்ல பொறந்துட்டு மீன் வேணாங்கிறியா?" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும்.

பிப்ரவரி 6
கொல்லையில் இரண்டு தொட்டி. இரண்டிலும் ஏரித் தண்ணீர், தெள்ளு. ஒன்றில் மட்டும் ஆறு மீன்குஞ்சு.

பிப்ரவரி 19
மீனில்லாத தொட்டியின் அடி தெரிகிறது! மற்றது அதே பச்சை.

"அது வேற தண்ணி" என்றார் அப்பா.

"ஒரே குடம்பா!"

"அப்போ வெயில்."

பிப்ரவரி 24
என் தெளிந்த தொட்டியில் எட்டு மீன்!

"நான்தாம்மா போட்டேன். வெறுந்தண்ணில கொசு வந்துடும்னு…" என்றார் அப்பா.

கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் இன்னும் எரிகிறது. பதினெட்டு நாள்பா! நான் என்ன விளையாடிட்டா இருந்தேன்?

சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன் — மீனை ஏன் எடுக்க வேண்டும்? இருக்கட்டும்.

மார்ச் 5
அந்தத் தொட்டியின் அடி மறைந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். "வெயிலும் மாறல, தண்ணியும் மாறல. இது யார் போட்ட மீன்?"

தொட்டிக்குள் கையை விட்டு, விரல் தெரிகிறதா என்று பார்த்தார்.

மார்ச் 9
சங்கக் கூட்டத்தில் அப்பா குஞ்சு வேண்டாம் என்றாராம்.

"பொண்ணு சொன்னா கேட்டுடுவியா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"தொட்டி சொல்லுது, கேக்கறேன். வருஷக் கடைசிக்குள்ள ஏரி தெளியலேன்னா தலைவர் பதவி எனக்கு வேணாம்."

ஐயோ. இப்போது தோற்றால் அவரும் சேர்ந்து தோற்பார்.

ஜூன் 2
சின்ன மீனை வலைபோட்டு வாரியாயிற்று. மிச்சத்தைத் தின்ன விரால் விட்டாயிற்று. தட்டு: அதே ஒரு சாண். கரையில் அப்பாவை "தெள்ளுத் தலைவரே!" என்று கூப்பிடுகிறார்கள். அவர் பாட்டுக்கு வலையை எடுத்துக்கொண்டு போகிறார். நானும்.

நவம்பர் 14
தட்டு: இரண்டு முழம்! அடியில் செடிகூடத் தெரிகிறது.

ஊர்ச் சாக்கடை இன்னும் ஏரியில்தான் விழுகிறது. அடுத்த சண்டை அது. நகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து அப்பா.

அம்மா தட்டைத் திருப்பிக் கேட்டாள்.

"அது ஏரித் தட்டு" என்றார் அப்பா. "உனக்கு வேற வாங்கித் தரேன்."