கூட்ஸ் வண்டிக்குச் சொன்ன ‘வாரேன்’

உங்கள் கைப்பேசியின் உறை என் மேசைமேல் கிடக்கிறது. லாரி சீட்டுக்குப் போக மிஞ்சிய பச்சை ரெக்சினில் நீங்களே தைத்தது. எடுத்து முகர்ந்தால் டீசல் வாசனை. லாரியை விற்றுப் பல வருடம் ஆகியும் அந்த வாசனை எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. உங்களைப் பற்றித் தெரியாதவை இப்படி நிறைய இருக்கின்றன.

உங்கள் காரியமெல்லாம் முடிந்தபின், போன வாரம் உங்கள் மகள் திருச்செங்கோட்டிலிருந்து வந்து, உறையோடு கைப்பேசியைக் கொடுத்தாள்.

“போன் முழுக்கக் கூட்ஸ் வண்டி வீடியோதானுங்க மாமா. அப்பா மூஞ்சி ஒண்ணுல கூட இல்ல. இத அம்மாவுக்குக் குடுக்கோணும், ஆனா துளி எடமில்லாம நிக்குது. நீங்கதான தெனமும் கூட நின்னீங்க? அப்பாவுதுன்னு சொல்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. மத்தத அழிச்சரலாம்.”

அன்றிலிருந்து பார்த்தேன். நிலக்கரி போகிறது. சிமெண்டு போகிறது. மூடிய பெட்டிகளில் என்னவோ போகிறது. தேர்வுத் தாளில் எல்லா மாணவர்களும் ஒரே பதிலை எழுதியிருந்தால் யாருக்கு அதிக மதிப்பெண் போடுவது? அப்படித்தான் குழம்பிப்போனேன்.

செவ்வாய்ப்பேட்டை மண்டிகளைத் தாண்டிய அந்த ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு இடம். ஓய்வுபெற்றபின் சாயங்காலம் நடக்க வந்தவன் நான். நீங்கள் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னால் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் அலறுவது உங்கள் காதில் விழாது. டீ கொண்டுவருபவர் தினமும் ஒரே கேலியைச் சொல்வார்:

“லாரிக்காரரு எதிராளி வண்டிய வேவு பாக்கறாருங்கோ!”

“பின்ன? என்ற லோடெல்லாம் அள்ளிட்டுப் போறானே, எங்க போறான்னு பாக்க வேண்டாமா?” என்பீர்கள்.

“அது மேல உங்களுக்குக் கோபமா, ஆசையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ரெண்டுந்தானுங்க வாத்தியாரே” என்று சிரித்தீர்கள். அது பதிலா, பேச்சை முடிப்பதா என்று இன்றும் விளங்கவில்லை.

ஒவ்வொரு வண்டியின் கடைசியிலும் கார்டு பெட்டி பாலத்துக்கடியில் நுழைந்து மறையும்போது, “வாரேனுங்க” என்பீர்கள். எத்தனையோ நாள் கேட்டுவிட்டு, தமிழ் வாத்தியார் புத்தி சும்மா இருக்காமல் திருத்தினேன்.

“போறது வண்டிங்க. நிக்கறது நீங்க. போறவங்கதான வாரேன்னு சொல்லோணும்? நீங்க ‘போயிட்டு வாங்க’ன்னுதான் சொல்லோணும்.”

“யாரு போறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உடனே எனக்கு ஒரு உதாரணம் கிடைத்துவிட்டது. பஸ் நிலையத்தில் பக்கத்து பஸ் பின்னால் நகர்ந்தால் நம் பஸ் முன்னால் போவதுபோல் தோன்றுமே, அதைத்தானே சொல்கிறீர்கள் என்றேன். இந்த நீளமான வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் பாலமும் அப்படித்தான் நகரும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டீர்கள்.

“அதுவும் இருக்குமுங்க” என்றீர்கள். வேறு என்ன இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று அவள் வந்தாள். எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, கைக்கு வந்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். நிலக்கரி வண்டி. தடதடப்பு ஓய்ந்து, கார்டு பெட்டி மறைந்ததும் உங்கள் குரல்: “வாரேனுங்க.”

அவள் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினாள். அடுத்த வண்டிக்குப் போனாள். அதிலும் அது இருந்தது.

“நான் கடைசி வரைக்கும் ஒண்ணக் கூடப் பாக்கலீங்க மாமா” என்றாள். “எங்கிட்டயும் இப்படித்தான். பஸ் ஏறுறது நானு. கீழ நின்னுக்கிட்டு அவரு சொல்லுவாரு, ‘வாரேன் சாமி’ன்னு. தப்பாச் சொல்றீங்கப்பான்னு நான் சிரிப்பேன். யாரு போறதுன்னு நெனச்சுச் சொன்னாரு?”

“தெரியலயே கண்ணு.”

வாழ்நாளெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய் அது.

“ஒண்ணையும் அழிக்க வேண்டாங்க. அம்மாவுக்கு வேற போன் பாத்துக்கலாம்” என்றவள், கைப்பேசியை உருவிக்கொண்டு உறையை என் கையில் வைத்தாள். “இது உங்களுக்கு.”

வாசல் கேட்டைத் திறந்து, “வாரேனுங்க மாமா” என்றாள்.

போயிட்டு வா என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

“வாரேன் சாமி” என்றேன்.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நான் திருத்திக்கொள்ளவில்லை. வாசலில்தான் நின்றிருந்தேன், கையில் உங்கள் உறையோடு. அவள் தெரு முனையைத் தாண்டும்வரை தெருதான் நகர்ந்ததா, நான்தான் நகர்ந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.