வலி நின்ற கால்

அன்புள்ள அப்பாவுக்கு, கெலாங் பாத்தாவிலிருந்து யுவனேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. பெக்கோக்கில் மழை விட்டதா? உங்கள் இருமல் குறைந்ததா?

என் கணுக்கால் வலி நின்றுவிட்டது. கவலைப்படாதீர்கள். "தசைநார் நைஞ்சிருக்கும்மா. கட்டுப் போட்டு ஓய்வெடுங்க, இல்லன்னா ஆப்பரேஷன். இன்னொரு வலி ஊசி போட்டா நார் அறுந்துடலாம்," என்றார் டாக்டர். தொழிற்சாலையில் அவ்வளவு லீவு கிடைக்காது. அதனால் வேறு கிளினிக்கில் ஊசியே போட்டுக்கொண்டேன்.

நேற்று வேலையில், பக்கத்தில் நிற்கும் மலர் கேட்டாள்: "அக்கா, உங்க கால் ஏன் வெளிப்பக்கமா திரும்பி நிக்குது?"

குனிந்து பார்த்தேன். நேராக வைக்க முயன்றேன், கால் கேட்கவில்லை. வலி மட்டும் துளியும் இல்லை.

அம்மாவின் அகலமான செருப்பை பஸ்ஸில் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். வருவதென்றால் ஞாயிறு வாருங்கள், அறையில்தான் இருப்பேன்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. படியிறங்க எனக்கு நேரமாகும், அப்பா. நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
யுவனா