எண்ணாமல் விட்ட துணி

11, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. எதிரே கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. நர்ஸ் பயிற்சிக்காக இந்த மலை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்பது நாள். துவைத்துப் போட்ட சுடிதார் இன்னும் காயவில்லை. பயிற்சி நோட்டில் நான் பார்த்த பிரசவம்: 6. இன்னும் 14 வேண்டும்.

மதியம் பவுனு வந்தாள். வயசு 20, தலைப்பிரசவம். கூட மாமியார். வலி லேசாக ஆரம்பம். "அக்கா, நீங்களா பாக்கப் போறீங்க?" பயந்து கேட்டாளா, ஆசையாகவா, தெரியவில்லை.

அம்மா போன். சின்னசேலத்தில் நல்ல வெயிலாம். "சாப்புட்டியா?" சாப்பிட்டேன் என்று பொய்.

12, புதன்

காலை 11.20. பெண் குழந்தை. 2.6 கிலோ. உடனே அழுதது. கருப்பை சுருங்க அவளுக்கு ஊசி போட்டேன். நஞ்சுக்கொடி முழுசாக வந்தது. "பரவால்லயே, கை நடுங்கல" என்றார் எனக்குச் சொல்லித்தரும் சிஸ்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை வயிற்றை அமுக்கிப் பார், கருப்பை இறுகியிருக்க வேண்டும், துணியைப் பார் என்று சொல்லிவிட்டுத்தான் ஓ.பி.க்குப் போனார்.

மாமியார் நனைந்த துணியை உருவி உருவி எடுத்துப் புதுசு வைத்தார். "நீ இன்னாத்துக்குக் கண்ணு தொடற? நாங்களே அலசிக்கிறோம். இதெல்லாம் வேத்தாளு கண்ணுல படக் கூடாது." அவர்கள் வழக்கம் அப்படி. பின்பக்கம் கொண்டுபோய் மூடி வைத்துவிடுவார்கள். எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்றிருந்தது. அதுதான் உண்மை. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

பார்த்தபோதெல்லாம் அடியில் ஒரே துணி, கொஞ்சம் ஈரம். "ரத்தப்போக்கு: சாதாரணம்." மூன்று தடவை எழுதினேன். வயிற்றை ஒரு தடவைதான் அமுக்கினேன். வலிக்குது என்றாள், விட்டுவிட்டேன். பாவம் பார்த்தேனாம். மக்கு.

12.15. "அக்கா, கண்ணு இருட்டிக்கினு வருது." நாடி 136. உதடு வெள்ளை. கத்தினேன். சிஸ்டர் ஓடிவந்து வயிற்றில் கை வைத்தார். கருப்பை கொழகொழ.

"துணி எத்தினி நனைஞ்சிது?"

"எண்ணல சிஸ்டர்."

மாமியார் பின்பக்கமிருந்து வாளியைத் தூக்கி வந்தார். ஏழு. சொட்டச் சொட்ட.

வகுப்பில் சொன்னது: கண்ணை நம்பாதே, துணியை எண்ணு, எடை போடு. அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆம்புலன்ஸ். அடிவாரத்துக் கச்சிராயபாளையம் இறங்கும்வரை வளைவு, வளைவு. சிஸ்டர் கையை உள்ளே விட்டுக் கருப்பையை அழுத்திப் பிடித்தபடி. நான் சலைன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு. குழந்தை மாமியார் மடியில். "ஏம்மா, அவ கையி ஜில்லுனு ஆவுதே!" கடவுளே, கடவுளே என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை.

13, வியாழன்

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி. நேற்றே ஆபரேஷன். ரத்தம் 4 யூனிட். கருப்பையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆளே இல்லையாம். கையெழுத்துப் போட்டது புருஷன். "அவகிட்ட இப்போ சொல்லாதீங்க, தேறட்டும்" என்று எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

உயிர் இருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "டாக்டர்கிட்ட நடந்தது நடந்தபடி சொல்லிட்டேன். நீயும் எழுதிக் குடு." கொடுத்தேன். இருபது வயசுப் பெண்ணுக்கு இனிப் பிள்ளை இல்லை. காரணம் நான்தான். நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். சின்னசேலம் வண்டி நின்றது. ஏறவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

15, சனி

மழை. பவுனு கஞ்சி குடித்தாளாம். குழந்தை மாரைப் பிடித்துவிட்டது. வார்டுக்குப் போக வேண்டாம் என்று இரண்டு தடவை திரும்பினேன். அப்புறம் போனேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கத்தலன்னா நான் செத்திருப்பேன்னு அத்தை சொல்லுது."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அடுத்தது ஆம்பளப் புள்ள வேணும்னு வேண்டிக்கினு இருக்கேன். அதுக்கும் நீங்களே வந்து பாருங்கக்கா."

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருகிறேன் என்றேன்.